வறட்சியைத் தாங்கும் செடி தண்ணீரில் செத்தது: வடசென்னைப் பள்ளி ஒன்றில் ஆவாரை வளர்த்த மூன்றாண்டு

பின்னணி

திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவே, கடற்கரையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது அந்த நடுநிலைப் பள்ளி. முன்பக்கம் கன்டெய்னர் லாரிகள் ஓயாமல் போகும் சாலை. பின்பக்கம் மதிலை ஒட்டி, சுமார் 60 அடி நீளமும் 5 அடி அகலமும் உள்ள ஒரு துண்டு நிலம். பழைய கட்டடத்தை இடித்தபோது மிஞ்சிய செங்கல் துண்டையும் காரைக் கட்டியையும் அங்கேயே கொட்டி, மேலே மணல் பரப்பியிருந்தார்கள். பள்ளிகளில் தோட்டம் போட்டுக் கொடுக்கும் எங்கள் மூன்று பேருக்கு 2022 ஜூனில் அங்கிருந்து அழைப்பு வந்தது.

அழைத்தவர் அறிவியல் ஆசிரியை. அவருடைய கவலை கத்தரிக்காய். பள்ளியின் சின்னக் காய்கறிப் பாத்தியில் 12 கத்தரிச் செடிகள் நன்றாகத்தான் வளர்ந்திருந்தன. பூவும் பிடித்தது. ஆனால் பூத்ததில் பாதிக்கு மேல் காம்போடு உதிர்ந்துவிடுகிறது என்றார். பறங்கிக் கொடியில் பிஞ்சு நெல்லிக்காய் அளவு வந்ததும் மஞ்சளாகிச் சுருங்கிவிடுகிறது. இரண்டு நாள் காலையில் அங்கே நின்று பார்த்தோம். ஏழிலிருந்து ஒன்பது மணி வரை பறங்கிப் பூவுக்கு வந்தவை நான்கைந்து கொசுத்தேனீ மட்டும். கத்தரிக்கு எதுவுமே வரவில்லை. சுற்றிலும் சாலை, கிடங்கு, வீடுகள். தேனீக்கு வருஷம் முழுக்கச் சாப்பாடு போடுகிற செடி கண்ணுக்கு எட்டிய தூரத்தில் ஒன்றும் இல்லை.

இன்னொரு சிக்கல் தண்ணீர். ஆழ்துளைக் கிணற்றில் வருவது உப்புத் தண்ணீர். மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடியில் கடல்நீர் உள்ளே ஏறுவது 1960களின் கடைசியிலிருந்தே கவனிக்கப்பட்டு வருகிறது. வடசென்னைக் கரையோரம் கிணறு வைத்திருப்பவர்களுக்கு இது புதுச் செய்தி இல்லை. குடிக்கவும் சமைக்கவும் லாரித் தண்ணீர்தான். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கு ஏரியும் வற்றியபோது, அப்போது இருந்த தோட்டம் மொத்தமும் கருகிப்போனதை ஆசிரியை மறக்கவில்லை. "தண்ணி கேக்காத செடியா சொல்லுங்க சார்" என்பதுதான் அவர் வைத்த ஒரே நிபந்தனை.

ஏன் ஆவாரை

எருக்கு முதலில் மனசில் வந்தது. எந்த வறட்சிக்கும் அசையாது, கருவண்டுக்கு அது விருந்து. ஆனால் அதன் பால் குழந்தைகள் கண்ணில் பட்டால் ஆபத்து. அரளியும் நஞ்சு. இரண்டையும் தள்ளினோம். நொச்சி நல்ல தேன் செடிதான். ஆசிரியையின் முதல் கவலை கத்தரி என்பதால் ஆவாரையை எடுத்தோம். அதன் காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

பெரும்பாலான பூக்களில் மகரந்தப்பை நீளவாக்கில் பிளந்து பொடியை வெளியே காட்டும். கத்தரியிலும் ஆவாரையிலும் அப்படி இல்லை. பையின் நுனியில் சின்னத் துளை மட்டும் இருக்கும், உப்புக் குடுவை மாதிரி. தேனீ பூவைப் பிடித்துத் தொங்கி, இறக்கையை விரிக்காமல் மார்புத் தசையை மட்டும் அதிரவைத்தால்தான் பொடி கொட்டும். கருவண்டு என்று நாம் சொல்லும் தச்சன் தேனீக்கு இந்த வித்தை தெரியும். வயிற்றில் நீலக்கோடு போட்ட, குண்டான ஒரு தனித்தேனீக்கும் தெரியும். அடுக்குத்தேனீக்கும் கொம்புத்தேனீக்கும் தெரியாது. கத்தரியில் தன் மகரந்தம் தனக்கே விழுந்தும் காய்க்கும் என்றாலும், அந்த அதிர்வு கிடைத்தால் காய்ப்பு கூடும். ஆக, தேன் பெட்டி கொண்டுவந்து வைத்தாலும் கத்தரிப் பாத்திக்குப் பெரிய பலன் இருக்காது. அதிரவைக்கத் தெரிந்த தேனீயைத்தான் ஊருக்குள் தங்க வைக்க வேண்டும். ஆவாரைப் பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். அதைத் தேடி வருகிறவை பெரும்பாலும் அந்த வேலை தெரிந்தவையே.

ஆவாரை நம் மண்ணின் செடி. பொட்டல் காட்டிலும் சாலையோரத்திலும் யாரும் தண்ணீர் ஊற்றாமல் பூத்து நிற்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தக் காட்சிதான் எங்களை ஏமாற்றியது.

முதல் நடவு: ஜூலை 2022

ஆடிப்பட்டம் தேடி விதை என்ற நினைப்பில், ஜூலை கடைசியில் ஒரு நாற்றுப் பண்ணையிலிருந்து 20 கன்றுகள் வாங்கி வந்தோம். முழங்கை உயரம், சின்னக் கறுப்புப் பை. ஆளுக்கு ஒரு கன்று என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நட்டார்கள். மண்ணைச் சுண்டுவிரல் ஆழத்துக்கு மேல் நாங்கள் சோதிக்கவில்லை. குழி ஓரடி, அதில் எருவும் செம்மண்ணும். வறட்சி தாங்கும் செடி, பிடித்துக்கொண்டால் போதும் என்று இருந்துவிட்டோம்.

ஆகஸ்டு, செப்டம்பரில் குறை ஒன்றும் தெரியவில்லை. நவம்பர் முதல் வாரம் மழை கொட்டியது. டிசம்பர் 9 நள்ளிரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தபோது மறுபடியும் மழை. மதிலோரம் தண்ணீர் தேங்கி நின்றது. இலைகள் மஞ்சளாகி, காம்போடு தொங்கி, ஒவ்வொன்றாய் உதிர்ந்தன. பொங்கலுக்கு முன் 12 கன்றுகள் செத்துவிட்டன.

செத்தவற்றைத் தோண்டிப் பார்த்தபோது

இதை அவசரப்படாமல் செய்தோம். மூன்று ஆண்டில் உருப்படியாகச் செய்தவற்றில் இதுவும் ஒன்று. 12 கன்றையும் வேரோடு எடுத்து, கழுவி, பழைய செய்தித்தாளில் வரிசையாக வைத்தோம்.

ஒவ்வொரு கன்றிலும் ஆணிவேர் பையின் அடியில் முட்டி, ஸ்பிரிங் மாதிரி இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. நிலத்தில் வைத்து ஐந்து மாதம் ஆகியும் அந்தச் சுருள் பிரியவே இல்லை. பக்கவேர்கள் கறுத்து, நசுக்கினால் தோல் கையோடு வந்தது. முகர்ந்தால் சாக்கடை வாடை. ஆவாரை ஆணிவேரை ஆழமாக இறக்கி ஈரத்தைத் தேடிப் பிழைக்கிற செடி. வேர் இறங்க முடியாமல் சுருண்டு, இருக்கிற வேரும் மூச்சுத் திணறினால் அதற்கு வேறு வழியில்லை.

குழியின் அடியைக் கடப்பாரையால் தட்டினோம். டங் என்றது. ஓரடிக்குக் கீழே காரையும் சிமெண்டும் இறுகித் தட்டுப் போட்டதுபோல் கிடந்தது. நாங்கள் வெட்டிய ஒவ்வொரு குழியும் அடி மூடிய ஒரு தொட்டி. எரு போட்டுக் கொழகொழப்பாக்கியதும் சேர்ந்துகொண்டது. அப்புறம் 60 அடிக்கும் ஐந்து இடங்களில் ஓரடிக் குழி தோண்டி, ஒவ்வொன்றிலும் ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றிக் கடிகாரம் பார்த்தோம். கிழக்கு முனையில் அரை மணியில் வடிந்தது. மேற்கு முனையில் மறுநாள் காலை வந்து பார்த்தபோதும் தவளை உட்காரும் அளவு தண்ணீர் நின்றது. நடுவதற்கு முன் ஒரு பக்கெட் தண்ணீரைச் செலவழித்திருந்தால் 12 கன்றுகளை இழந்திருக்க மாட்டோம்.

ஆசிரியை ஒரு கேள்வி கேட்டார். அவரைக் குடும்பத்துச் செடிதானே, வேரில் முடிச்சு எங்கே? நல்ல கேள்வி. ஆவாரை அந்தக் குடும்பத்தில் இருந்தாலும், உளுந்து, கடலைபோல் வேர்முடிச்சு வைக்காது. மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கும் என்று நம்பி அதை நடக்கூடாது.

பிழைத்த எட்டிலும் ஒரு சேதி காத்திருந்தது. அவற்றில் ஐந்து ஆவாரையே இல்லை. அழகுக்கு வைக்கும் வெளிநாட்டுக் கொன்றை வகை. மஞ்சள் பூவும் கூட்டிலையும் ஒன்றுபோல இருப்பதால் கன்றாக இருக்கும்போது குழப்பம் வரும். அடையாளம் இலைக்காம்பின் அடியில் இருக்கிறது. ஆவாரையில் அங்கே இரண்டு பக்கமும் வட்டமாக, காது மடல் மாதிரி, பச்சையாக ஒரு சின்ன இலை ஒட்டியிருக்கும். அதன் அறிவியல் பெயரில் வரும் 'ஆரிகுலேட்டா' என்ற சொல்லுக்கே காதுடையது என்றுதான் பொருள். எங்கள் ஐந்து கன்றிலும் அந்தக் காது இல்லை. இப்போது பிள்ளைகள் எந்த மஞ்சள் பூச் செடியைப் பார்த்தாலும் முதலில் "காது இருக்கா?" என்று குனிந்து பார்க்கிறார்கள்.

ஐந்தையும் பிடுங்கினோம். மிச்சம் மூன்றும் கோடை முடிவதற்குள் போய்விட்டன. வேர் சுருண்டவைதானே அவையும்.

விதையிலிருந்து: 2023

இனி கன்று வாங்குவதில்லை என்று முடிவு செய்தோம். பிப்ரவரியில் செங்குன்றம் தாண்டிப் பெரியபாளையம் போகும் பக்கம், சாலையோரச் செடிகளிலிருந்து காய்ந்த காய்களைப் பறித்து வந்தோம். காகிதம்போல் தட்டையான காய், ஆட்டினால் சலசல என்னும். விதையில் பாதி வண்டு துளைத்தது. தண்ணீரில் போட்டு மிதந்ததை நீக்கினோம்.

விதைத் தோல் கல் மாதிரி. அப்படியே விதைத்தால் எப்போது முளைக்கும் என்று சொல்ல முடியாது. மழை பொய்க்கும் ஊரில் எல்லா விதையும் ஒரே நாளில் முளைத்துவிடாமல் இருக்க அது செடி வைத்திருக்கும் காப்பு. மார்ச்சில் 40, 40 விதையாக மூன்று தட்டில் சோதித்தோம். எதுவும் செய்யாமல் விதைத்ததில் 20 நாளில் முளைத்தவை 5. கொதித்த தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கி, சற்று ஆறவிட்டு ஊற்றி, இரவு முழுக்க ஊறவைத்ததில் 19. உப்புத்தாளில் விதையின் ஒரு ஓரத்தை நாலு தேய் தேய்த்து ஊறவைத்ததில் 27. உப்புத்தாள் வேலைக்குப் பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். முளை இருக்கும் பக்கத்தைத் தேய்க்கக்கூடாது என்பதை மட்டும் கூடவே இருந்து சொல்ல வேண்டியிருந்தது.

நிலத்தில் செய்த மாற்றம் பெரியது. மேற்கு முனையில் 15 அடியை விட்டுவிட்டோம். மிச்ச இடத்தில் கடப்பாரையால் காரைத் தட்டை முடிந்தவரை உடைத்து, ஒன்றரை அடி உயரத்துக்கு 22 மேடுகள் போட்டோம். மண்ணில் பாதி செங்கல் ஜல்லியும் மணலும். எரு கிடையாது. உடைத்த காரையை அள்ளிக்கொண்டுபோக வண்டிக்குக் காசு கேட்டார்கள். அதையே மேட்டுக்கு அடியில் பரப்பிவிட்டோம். அது நல்லதாகவே முடிந்தது.

காலத்தையும் மாற்றினோம். சென்னையின் ஆண்டு மழை சராசரியாக 140 செ.மீ. பக்கம், அதில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை கொட்டிவிடுகிறது. பிப்ரவரியிலிருந்து மே வரை ஏறத்தாழ ஒன்றும் இல்லை. ஆடிப்பட்டம் மானாவாரிக் காட்டுக்குச் சரி. எங்களுக்குத் தேவை ஐப்பசி மழைக்கு முன் வேர் இறங்கிய செடி. 11 மேட்டில் செப்டம்பர் முதல் வாரம் நேரடியாக மூன்று மூன்று விதை ஊன்றி, பிறகு ஒன்றை மட்டும் விட்டோம். மற்ற 11 மேட்டுக்கு, ஜூலை கடைசியில் உயரமான பையில் போட்டிருந்த நாற்றை, வேர் அடியைத் தொடுவதற்கு முன், எட்டாவது வாரத்தில் இறக்கினோம். எது நன்றாக வருகிறது என்று பார்க்கத்தான் இப்படிப் பிரித்தோம்.

மிக்ஜாம்

டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை. பள்ளிக்கு ஒரு வாரத்துக்கு மேல் போக முடியவில்லை. எண்ணூர் முகத்துவாரப் பக்கம் எண்ணெய் கலந்த வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்திருந்த நாட்கள் அவை. செடியைப் பற்றி யாரிடமும் விசாரிக்க வாய் வரவில்லை. பள்ளியில் ஆயா வேலை பார்க்கும் அம்மாவின் வீட்டிலேயே சுவரில் இடுப்பு உயரத்துக்குக் கறுப்புக் கோடு.

பள்ளி சற்று மேடான இடம். எண்ணெய் அங்கே வரவில்லை, மழைத் தண்ணீர் மட்டும் இரண்டு நாள் நின்றிருக்கிறது. நாங்கள் போனபோது மேடுகள் பாதி கரைந்து, ஆனால் தலை வெளியே தெரிய நின்றன. நேரடியாக விதைத்த 11-ம் இருந்தன. பையிலிருந்து நட்டதில் மூன்று வேர் தெரியச் சாய்ந்து கிடந்தன, அவை பிழைக்கவில்லை. விதைத்த செடி உயரத்தில் நாற்றுக்குப் பாதிதான் இருந்தது. இழுத்துப் பார்த்தபோது அதுதான் அசையவில்லை.

முதல் கோடை: 2024

ஆவாரைக்குத் தண்ணீரே வேண்டாம் என்பது வளர்ந்த செடிக்குத்தான். முதல் கோடையை மட்டும் கடத்திவிட வேண்டும். ஐந்து நாளுக்கு ஒரு முறை, செடிக்கு அரைக் குடம், அதுவும் சத்துணவுக் கூடத்தில் அரிசி களைந்த தண்ணீர் என்று முறை வைத்தோம். ஆயாம்மா அதை ஏற்றுக்கொண்டார்.

ஏப்ரலில் அவர் இரண்டு வாரம் ஊருக்குப் போனார். மாற்றாக வந்தவர் பாவம், செடி வாடுகிறதே என்று தினமும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் குழாயில் பிடித்து ஊற்றியிருக்கிறார். மேட்டின் மேல் உப்பு பூத்து வெள்ளையாகிவிட்டது. இலை ஓரங்கள் தீய்ந்தன. விதைத்ததில் இரண்டும், பைநாற்றில் இரண்டும் போயின. அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. முறையை ஆயாம்மாவிடம் வாயால் சொன்னோமே தவிர, எழுதி ஒட்டவில்லை.

ஜூனில் இருந்த கணக்கு: விதைத்தது 11-ல் 9, பைநாற்று 11-ல் 6. அதற்குப் பிறகு இன்று வரை யாரும் அந்தச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றவில்லை.

பூத்த பிறகு பார்த்தவை

2024 ஆகஸ்டு நடுவில் முதல் கொத்து பூத்தது. அக்டோபருக்குள் ஒன்பது செடிகள் பூவில் இருந்தன. ஆசிரியை காலைக் கூட்டத்துக்கு முன் 15 நிமிடம், ஐந்து பிள்ளைகளை நிறுத்தி வருவதையெல்லாம் நோட்டில் எழுத வைத்தார்.

முதலில் வந்தவை எறும்பு. பூவுக்கு அல்ல, இலைக்கு. ஒவ்வொரு சோடிச் சிற்றிலைக்கும் நடுவில் ஒரு குட்டிச் சுரப்பி இருக்கிறது; அதில் ஊறும் இனிப்புக்காக எறும்புகள் காம்பில் மேலும் கீழும் ஓடும். பூவில் இல்லாத தேனை இலையில் வைத்திருக்கிறது ஆவாரை. எறும்புக்குக் கூலி மாதிரி அது. முட்டையையும் சின்னப் புழுவையும் அவை தூக்கிக்கொண்டு போகும்.

இரண்டாவது வாரம் கருவண்டு வந்தது. பறந்து வரும்போது ஒரு குரல். பூவில் உட்கார்ந்து பிடித்ததும் குரல் மாறிவிடும், சன்னமாக, உச்சத்தில், விட்டுவிட்டு. "சார், வண்டு மோட்டர் போடுது சார்!" என்று ஒரு பையன் கத்தினான். அதைவிடச் சரியாக நான் சொல்லிவிட முடியாது. பூவுக்குள் உற்றுப் பார்த்தால், கீழே வளைந்து நீண்ட மூன்று கேசரங்கள், அதாவது மகரந்தப்பையைத் தாங்கும் இழைகள், நடுவில் குட்டையானவை. வண்டு நடுவில் இருப்பவற்றை உலுக்கித் தின்னப் பொடி எடுக்கும்போது, நீண்டவை அதன் உடம்பில் எட்டாத இடமாகப் பார்த்துப் பூசிவிடுகின்றன. தின்பதற்குக் கொடுப்பது ஒன்று, அடுத்த பூவுக்குக் கொண்டுபோகக் கொடுப்பது ஒன்று.

நீலக்கோட்டுத் தேனீ செப்டம்பர் கடைசியில் வந்தது. ஒரு நாள் மாலை ஆறு மணிக்கு மேல் மதிலோரம் போனபோது, ஒரு காய்ந்த குச்சியில் அவை நான்கு, ஒன்றின் கீழ் ஒன்றாக, காலை மடக்கித் தாடையால் மட்டும் குச்சியைக் கவ்வித் தொங்கிக்கொண்டிருந்தன. தூக்கம். ஆண் தேனீக்கள் இரவை அப்படித்தான் கழிக்கும். அன்றைக்கு அந்தக் குச்சியை ஒடித்துச் சுத்தம் செய்வதாக இருந்தோம். அதிலிருந்து காய்ந்த குச்சிகளைத் தொடுவதில்லை. கருவண்டு கூடு வைக்கப் பழைய பந்தல் மூங்கில்களை வேலியில் கிடையாகக் கட்டினோம். மூன்று மாதத்தில் ஒரு மூங்கிலின் அடியில், காம்பஸ் வைத்து வரைந்த மாதிரி ஒரு வட்டத் துளை, கீழே தரையில் மஞ்சள் மரத்தூள். நீலக்கோட்டுத் தேனீ மண்ணில் வளை தோண்டுவது. அதற்காக மேட்டின் கிழக்குச் சரிவில் சருகு மூடாமல் வெறும் மண்ணாக விட்டோம்.

புழு வந்தது, மருந்தும் வந்தது

நவம்பரில் மழை விட்ட இடைவெளியில் வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் வந்து முட்டையிட்டன. பத்து நாளில் பச்சைப் புழுக்கள். எறும்பால் சமாளிக்க முடியாத அளவு. மூன்று செடிகள் குச்சியாகிவிட்டன.

"இன்னா தம்பி, பூச்சி மொத்தமா தின்னுட்டு போது, நீ பாத்துகினு நிக்கிறியே?" என்றார் ஆயாம்மா. வெள்ளத்தைத் தாண்டி அவர் காப்பாற்றிய செடிகள் அவை. இந்த வண்ணத்துப்பூச்சி ஆவாரை, கொன்றை மாதிரிச் செடிகளில்தான் முட்டையிடும், செடி மறுபடி துளிர்க்கும் என்று சொன்னேன். தலையாட்டினார். ஆனால் வாட்ச்மேனிடமும் மற்ற ஆசிரியர்களிடமும் நான் பேசவில்லை. அடுத்த வியாழக்கிழமை வாட்ச்மேன் தன் கைக்காசில் கடையில் ஒரு பூச்சி மருந்து வாங்கி, எல்லாச் செடிக்கும் பூவோடு சேர்த்து அடித்துவிட்டார். நல்லது செய்வதாகவே நினைத்துத்தான்.

வெள்ளிக்கிழமை காலை செடியடியில் இரண்டு கருவண்டுகள், கால்களை மார்போடு மடக்கிக் கிடந்தன. பிள்ளைகள் அவற்றை நோட்டுத் தாளில் எடுத்து ஆசிரியை மேசையில் வைத்திருந்தார்கள். அன்றே விரிந்த பூ, மொட்டு எல்லாவற்றையும் கையுறை போட்டுக் கிள்ளிப் புதைத்தோம். விஷம் ஏறிய மகரந்தத்தைத் தேனீ கூட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பதற்காக. ஒரு வாரம் வந்த மொட்டுகளையும் விடவில்லை. நோட்டில் அதன்பின் ஐந்து வாரத்துக்குக் கருவண்டுப் பத்தி வெறுமையாக இருக்கிறது. ஜனவரி இரண்டாம் வாரம்தான் மறுபடி ஒன்று.

குச்சியான மூன்றில் இரண்டு டிசம்பரில் துளிர்த்தன. ஒன்று செத்தது. புழுவால் போனதா மருந்தால் போனதா என்று பிரிக்க வழியில்லை. மருந்து அடிக்காமல் விட்டிருந்தால் தேனீக்கள் இருந்திருக்கும் என்பது மட்டும் உறுதி. வாட்ச்மேனிடம் உட்கார்ந்து பேசினோம். செத்த வண்டைப் பார்த்ததும் அவருக்கே மனசு கஷ்டமாகிவிட்டது. இப்போது வண்ணத்துப்பூச்சி முட்டையை முதலில் கண்டுபிடிப்பவர் அவர்தான்.

பூப்பறிப்பு

இதை நாங்கள் எதிர்பார்த்திருக்கவே இல்லை. ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ என்ற சொலவடை தெரியாத தெரு உண்டா? மதிலுக்கு வெளியே கிளை நீண்டதும், காலை நடைக்கு வருபவர்கள் எட்டிப் பறிக்கத் தொடங்கினார்கள். சர்க்கரைக்கு டீ போடவாம். ஆறு மணிக்குப் பூ போய்விட்டால் ஏழு மணிக்கு வரும் தேனீக்கு ஒன்றுமில்லை. போகியன்று, தென்மாவட்டத்துக் குடும்பங்கள் காப்புக் கட்ட வேப்பிலை, சிறுபீளையோடு ஆவாரம்பூவும் தேடி வந்தார்கள்.

போகிக்குக் கேட்பவர்களைத் தடுக்கவில்லை. தெருப் பக்கத்து இரண்டு செடிகளை அதற்கென்று விட்டுவிட்டோம். அந்தப் பூவுக்கு அவர்களுடைய உரிமை எங்கள் தோட்டத்தைவிட மூத்தது. டீக்குப் பறிப்பதை மட்டும் கண்டிப்பாக வேண்டாம் என்றோம். லாரிப் புகையும் தூசியும் படியும் இடம், ஒரு முறை பூச்சி மருந்தும் அடித்திருக்கிறது. வயிற்றுக்குள் போகும் பூ இங்கிருந்து கூடாது. தினமும் பறித்த ஒரு பெரியம்மாவிடம் ஆசிரியை இதைச் சொன்னபோது, இலை ஒன்றை வெள்ளைக் கைக்குட்டையில் துடைத்துக் காட்டினார். துணியில் கறுப்பு. அந்த அம்மா அதற்கப்புறம் பறிக்கவில்லை. சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம் என்றும் ஆசிரியை அவரிடம் சொல்லி அனுப்பினார்.

கத்தரிக்கு என்ன ஆனது

2025 பிப்ரவரியில் ஆசிரியை அறிவியல் பெட்டியிலிருந்து இசைக்கவையை எடுத்து வந்தார். அதைத் தட்டி, அதிர அதிர ஆவாரையின் மகரந்தப்பையில் வைத்தார். கீழே பிடித்த கறுப்புத் தாளில் மஞ்சள் பொடி புகைபோல் கொட்டியது. வெறும் விரலால் தட்டினால் ஒன்றும் வரவில்லை. எட்டாம் வகுப்பில் அன்று ஒலியும் மகரந்தச் சேர்க்கையும் ஒரே பாடமாகிவிட்டன.

அப்புறம் கத்தரியில் ஒரு சோதனை. சூல்தண்டு நீண்ட பூக்களாகப் பார்த்து, ஏனென்றால் குட்டைத் தண்டுப் பூ பெரும்பாலும் காய்க்காது, 36 பூக்களில் நூல் கட்டினோம். 12 திறந்தபடி, 12 கொசுவலைப் பைக்குள், 12 பைக்குள் வைத்து இரண்டு காலை இசைக்கவையால் தொட்டவை. காய்த்தவை முறையே 8, 3, 7. பைக்குள் கொடுத்த அதிர்வும் வெளியே வந்த தேனீயும் ஏறத்தாழ ஒரே வேலையைச் செய்திருக்கின்றன. 2022-ல் வெறும் பூவாக நின்ற அதே பாத்திதான். பறங்கிக்கு இந்தச் சோதனை செய்யவில்லை. அதற்கு ஆவாரையால் நேரடிப் பலன் இருக்கும் என்று நாங்கள் நினைக்கவும் இல்லை.

இப்போதைய நிலையும் மாற்றிச் செய்வதும்

2025 ஆகஸ்டில் 14 செடிகள் இருக்கின்றன, தோள் உயரத்துக்கு. மார்ச்சில் காய் முற்றியபின் இரண்டடிக்கு வெட்டிவிட்டோம். எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்டாமல், ஒன்றுவிட்டு ஒன்று, ஒரு மாத இடைவெளியில். அப்படிச் செய்ததால் பூ இல்லாத வாரமே வரவில்லை.

மறுபடி தொடங்கினால் பையில் நாற்றே போட மாட்டோம்; எல்லாம் மேட்டில் நேரடி விதைப்பு. மேட்டின் சரிவில் வெட்டிவேரோ புல்லோ முதலிலேயே வைப்போம், மழையில் கரையாமல் இருக்க. தண்ணீர் முறையையும், மருந்து கூடாது என்பதையும் நடும் நாளிலேயே எழுதி, வாட்ச்மேன் அறையிலும் சத்துணவுக் கூடத்திலும் ஒட்டுவோம். பூப்பறிக்க வருபவர்களுக்கென்று தெருப் பக்கத்தில் தனியாக நாலு செடி, ஆரம்பத்திலேயே. தண்ணீர் நிற்கும் மேற்கு முனைக்கு ஆவாரையைக் கட்டாயப்படுத்த மாட்டோம். ஈரம் பொறுக்கும் நொச்சியை இந்த ஜூலையில் அங்கே போத்தாக, அதாவது வெட்டிய குச்சியாக, நட்டிருக்கிறோம்.

இந்த ஆண்டுக் காயிலிருந்து மிதக்காத விதை இரண்டு ஹார்லிக்ஸ் பாட்டில் சேர்ந்தது. ஒன்றை மணலிப் பக்கத்துப் பள்ளி ஒன்று கேட்டு வாங்கிப் போனது. கொடுப்பதற்கு முன் அங்கே போய் ஐந்து குழி தோண்டித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். நான்கில் ஒரு மணிக்குள் வடிந்தது, ஐந்தாவதில் நிற்கிறது. நான்கு இடத்தில் மேடு போட்டாகிவிட்டது. செப்டம்பர் முதல் வாரம் விதைக்கிறார்கள்.